எதிர்வீட்டு சாரா

கடைசிப் பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு
சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன்.
மணி இரண்டரை.
டெல்ஃப்ஸைலில் ஜூன் இரவு முழுதாகக் கருப்பதில்லை,
வடக்கு ஓரத்தில் கொஞ்சம் வெளுப்பு
ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டுத் தோட்டத்தில் யாரோ யாரையோ
அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
பிரேக்கைப் பிடித்தேன்.
இழுப்பவள் சீட்ஸ்கே.
இழுபடுபவளும் சீட்ஸ்கே:
அதே நீல மழைக்கோட்டு,
வைக்கோல் திணித்த காலுறை,
தலையணை உறையில் வரைந்த முகம்.

எங்கள் பக்கம் வழக்கம் இது.
பெண்ணுக்கு ஐம்பது நிறைந்தால்
வீட்டு முன்னால் ஒரு பொம்மையை உட்கார வைப்போம்.
பெயர் சாரா. ஆணுக்கு ஆபிரகாம்.
செய்து வைப்பது பிள்ளைகள், தங்கைகள்,
அலுவலகத்து ஆட்கள், குடித்துவிட்டுச் சிரிக்கும் மச்சான்கள்.
உரியவள் காலையில் திரையை விலக்கி
ஐயோ என்று வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

தனக்குத் தானே வைத்துக்கொண்டதாக
நான் கேள்விப்பட்டதில்லை.

விளக்கை அணைத்துப் புதரோடு புதராக நின்றேன்.
தலை சாய்ந்துகொண்டே இருந்தது.
நிமிர்த்தினாள், சாய்ந்தது.
தன் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து
அதற்குக் கட்டினாள்.
பிறகு நாலடி பின்னால் போய்
தெருவில் போகிறவர் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஏழு வருஷமாய் எதிரெதிர் வீடு.
குப்பை எடுக்க எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டிருக்கிறேன்.
அதற்குமேல் ஒரு தேதியும் கேட்டதில்லை.

காலையில் பார்த்தால் வேலியில் துணி:
சீட்ஸ்கே 50!
எழுத்தெல்லாம் தப்பான பக்கம் சாய்ந்து நடுங்கியது.
நகராட்சியில் முத்திரை குத்தும் அழகான கையெழுத்துக்காரி,
இடதுகையால் எழுதியிருக்கிறாள்.
திரை விலகியது.
வாயைப் பொத்தினாள்.
அரை நொடி தாமதம், அவ்வளவுதான்.

ரொட்டி வண்டி ஹாரன் அடித்துப் போனது.
பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன்
சாராவுக்குக் கைகொடுத்தான்.
சாயந்தரம் பதினோரு பேர்,
நாற்காலிகளை வட்டமாய்ப் போட்டு உட்கார்ந்தோம்.
இங்கே பிறந்தவளை மட்டும் வாழ்த்தினால் போதாது,
அவளுடைய அக்காளை, மருமகனை,
வந்த எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும்.
அக்காளும் இல்லை மருமகனும் இல்லை.
"உங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்காக வாழ்த்துகள்."
"உங்கள் எதிர்வீட்டுக்காரிக்காக வாழ்த்துகள்."
ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றிக் குலுக்கிக்கொண்டோம்.

எதையும் எதிர்பாராதவள் வீட்டுக் குளிர்பெட்டியில்
இரண்டு பெரிய ஆப்பிள் கேக்குகள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஹார்ம் மட்டும் வாயில் கேக்கோடு கேட்டான்:
யார் வைத்தது சாராவை?

வட்டம் முழுதும் வட்டத்தைப் பார்த்தது.
சீட்ஸ்கே காப்பிக் கெண்டியைப் பார்த்தாள்.

நான்தான், என்றேன்.

கோட்டு எங்கே பிடித்தாய், அச்சு அசலாய் அவளுடையது?
பழைய துணிக்கடையில்.
எத்தனை மணிக்கு?
இரண்டரைக்கு, என்றேன்.

அவள் என் கோப்பையில் ஊற்றினாள்.
நிறைந்தது. சாசரும் நிறைந்தது.
இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கழிப்பறை எங்கே என்று எழுந்துகொண்டேன்.

எல்லார் வீட்டிலும்போல அங்கேயும்
உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே நாட்காட்டி,
வருஷம் இல்லாதது, பிறந்தநாள்களுக்கு மட்டுமானது.
புரட்டினேன்.
பிப்ரவரியில் அம்மா. போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை
இங்கே யாரும் அடிப்பதில்லை.
மே மாதம் பூனை.
செப்டம்பரில் ஒரு பெயர், மேலே பேனாவால் கிறுக்கி
காகிதம் கிழிந்திருந்தது.
மற்றதெல்லாம் வெள்ளை.
நூலில் ஒரு பென்சில் தொங்கியது,
கூர் மழுங்காமல்.

நவம்பர் இருபத்தொன்றில்
ரெம்மெல்ட் என்று எழுதினேன்.
இந்தத் தெருவில் ஒரே ஒரு ரெம்மெல்ட்தான்,
இருந்தாலும் பக்கத்தில்
எதிர்வீடு என்று போட்டேன்.
எந்த வருஷம் என்பதை
அவள் கேட்கட்டும்.

பிறகு, வெளியே காதுகள் இருக்குமே என்று,
போகாமலே
தண்ணீரை இழுத்துவிட்டு வந்தேன்.